அண்ணன் இல்லாத கிட்டார்

என் அண்ணன் எங்கள் பேண்டை விட்டுப் போகிறான் என்பதை நாங்கள் தெரிந்துகொண்டது மேடையில் வைத்துத்தான். கல்மண்டபம் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன். கடைசிப் பாட்டு முடிந்து ஜனங்கள் பிரியாணிக்கு எழுந்துகொண்டிருந்தார்கள். அவன் கிட்டாரைக் கழற்றாமலே மைக்கைப் பிடித்து, "இவங்களோட இதான் நம்ம கடைசி புரோகிராமு. இனிமே பீச் ரோட்டாண்ட பெரிய ஓட்டல்ல வாசிக்கிறேன். அங்க வந்து பாருங்க" என்றான். யாரோ விசிலடித்தார்கள். டிரம்ஸ் வாசிப்பவன் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் பாடகரைப் பார்த்தேன். மூன்று பேருக்கும் தெரியாது.

கீழே இறங்கியதும் பாடகர் கேட்டார். ரயில்வேயில் டிக்கெட் கவுண்ட்டரில் இருப்பவர், சாது. "இன்னாபா இது, ஒரு வார்த்த முன்னாடி சொல்லக் கூடாதா? கிறிஸ்மஸ் வரைக்கும் புரோகிராம் ஒத்துக்கினு கீறோம்."

அண்ணன் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான். "நான் இல்லாங்காட்டி நீங்க இன்னாத்த வாசிப்பீங்க? இவ கைல கீபோர்டு கீது. கோயில்ல நற்கருணப் பாட்டு வாசிப்பா. போங்க, அத்தையே எல்லா வூட்டுக் கல்யாணத்துலயும் வாசிங்க."

பந்தி பரிமாறுகிறவர்கள் வரை சிரித்தார்கள். நான் கீபோர்டை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். அன்றைக்குச் சாப்பிடாமல் வந்தேன்.

நாங்கள் வாசித்தது எழுபதுகளின் இங்கிலீஷ் ராக் பாட்டுகள். ராயபுரத்திலும் பெரம்பூரிலும் உள்ள ரயில்வே, துறைமுகக் குடும்பங்களின் பெரியவர்கள் அந்தப் பாட்டுக்கு ஆடி வளர்ந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணம், வெள்ளி விழா, ரிட்டயர்மெண்ட் பார்ட்டி எதுவானாலும் நாங்கள்தான். அந்தப் பாட்டுகளில் கிட்டார்தான் ராஜா என்பது எனக்கும் தெரியும். அதற்காகப் பின்னால் நிற்பவள் மனுஷி இல்லையா? எத்தனையோ வருஷம் நான் அவனுக்குப் பின்னணியாக மூன்று மூன்று சுரமாகக் கார்டு பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் நானாக இரண்டு வரி வாசித்தால் அவன் ஆம்ப்ளிஃபயரை ஏற்றுவான். என் வரி அதற்குள் முங்கிப் போகும். பாட்டு முடிந்ததும், "நடுவுல இன்னாமோ கொசு கத்துச்சே" என்று மேடையிலேயே சொல்வான்.

இதெல்லாம் போதாதென்று நாங்கள் இருப்பதும் ஒரே வீட்டில். காலடிப்பேட்டையில் அப்பா கட்டிய வீடு. கீழே நான், மேலே அவனும் அண்ணியும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்ணூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டில் லாரிகளை எடை போடும் மேடையில் கிளார்க் வேலை. பகல் முழுவதும் டிரைவர்களோடும் கிளீனர்களோடும் கத்திக் கத்தி என் குரலே தடித்துவிட்டது. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் மாடியில் அவன் புது ஓட்டலுக்காகப் பயிற்சி செய்வது கேட்கும். அந்தச் சத்தம் நன்றாக இருந்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்னிடம் ஓர் அனலாக் சிந்தசைசர் இருந்தது. பெரம்பூரில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டூடியோவை மூடியபோது அங்கிருந்து எடுத்து வந்தது. அதை நான் முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு அண்ணன் படியில் நின்று பார்த்து, "கரண்டு ஆபீஸ் பொட்டி மாதிரி கீது. அத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற, ரீடிங் எடுக்கப் போறியா?" என்றான். பார்க்க அப்படித்தான் இருக்கும். சின்னக் கட்டைகள், அதற்கு மேலே வரிசை வரிசையாகக் குமிழ்கள். சாதாரண கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பியானோ வரும், இன்னொன்றை அழுத்தினால் வயலின் வரும். இதில் எதுவும் தயாராக இருக்காது. ஒரு மொட்டை மின்சார ஓசையைத்தான் அது தரும். அதைச் செதுக்கி, அடைத்து, திறந்து, குமிழ் குமிழாகத் திருப்பி நமக்கு வேண்டிய சத்தத்தை நாமே உண்டாக்க வேண்டும். உண்டாக்கியதை அது ஞாபகம் வைத்துக்கொள்ளவும் செய்யாது. ஒரு குமிழ் நகர்ந்தால் அந்தச் சத்தம் போயிற்று.

அவன் பேண்டை விட்டுப் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், முன்னறை ஜன்னலை அடைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். அவன் கிட்டாரை இந்தப் பெட்டிக்குள் கொண்டுவருவது என்று முடிவு செய்திருந்தேன். கலைதாகம் என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம். சுத்தமான ஆத்திரம்.

சுலபம் என்று ஆர்கனில் தொடங்கினேன். இரண்டு ஓசைகளை ஒன்றுக்கு மேல் ஒன்று வைத்து, மெல்ல ஆட விட்டால் பழைய ராக் பாட்டுகளின் ஆர்கன் வரும். அது வந்தது. கிட்டார் வரவில்லை. முதல் வாரம் வந்தது ஆம்புலன்ஸ். இரண்டாவது ஓசையை ச-வுக்கு மேல் ப வருகிற மாதிரி ஏற்றி வைத்தேன். கொஞ்சம் கனம் கூடியது. கம்பியை நகத்தால் தட்டும்போது வருமே ஒரு வெட்டு, அதற்காகச் சத்தம் எழும் வேகத்தையும் அடங்கும் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். தட்டு வந்தது. உறுமல் வரவில்லை. உறுமல் இல்லாத ராக் கிட்டார் உப்பில்லாத கருவாடு.

நான் வாசிப்பது மேலே கேட்கும். ஆரம்பத்தில் அண்ணன் காலால் தரையைத் தட்டினான். நான் நிறுத்தவில்லை. அப்புறம் அண்ணி மோட்டார் போடுகிற சாக்கில் வந்து, "ஒரே பேஜாரா கீது, புள்ளைக்குத் தல வலிக்குதாம்" என்றாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. புள்ளை என்று அவள் சொன்னது என் அண்ணனை. நான் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு அவன் வேறு வழி கண்டுபிடித்தான். நான் எப்போது பெட்டியைப் போட்டாலும், நான் வாசிக்க முயலும் அதே வரியை, என் தலைக்கு மேலே, ஆம்ப்ளிஃபயரில் முழுச் சத்தமாக வாசித்துக் காட்டுவான். இது கிட்டார், அது குப்பை என்று எனக்கும் தெருவுக்கும் காட்டுவதற்காக.

இரண்டு நாள் அழுகை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது நாள்தான் புத்தி வேலை செய்தது. இத்தனை வருஷமும் மேடையில் அவன் பக்கத்தில் நின்றபோது என் சத்தத்தோடு கலந்துதான் அவன் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். இப்போது தனியாக, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, எனக்கென்றே வாசிக்கிறான். இதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்? அவன் வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டுக் காதைக் கூரைக்குக் கொடுத்தேன். எந்த இடத்தில் கம்பியை இழுக்கிறான், இழுத்த சுரம் முழுதாக ஏறுவதற்கு முன்னால் எங்கே தயங்குகிறது, விரலை எடுத்த பிறகு சத்தம் எப்படிக் கிழிந்துகொண்டே அடங்குகிறது, எல்லாம் கேட்டது. அவன் வாசிக்க வாசிக்க நான் குமிழைத் திருப்பினேன்.

உறுமல் கடைசியில் ஒரு வயரால் வந்தது. ஹெட்போன் மாட்டும் துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து, வெளிச் சத்தம் உள்ளே போவதற்காக வைத்திருக்கும் துளையில் செருகினேன். பெட்டி தன் சத்தத்தைத் தானே திரும்பத் தின்ன ஆரம்பித்தது. வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியபோது அந்த மொட்டை ஓசை கரகரத்து, தடித்து, பல்லைக் கடித்தது. நான் அவனுடைய வரியை வாசித்தேன். சுரத்தை இழுக்கும் இடத்தில் இடது கையால், கட்டைகளுக்குப் பக்கத்தில் சுரத்தை ஏற்றி இறக்கும் சக்கரத்தை, அவன் தயங்குகிற மாதிரியே தயங்கி ஏற்றினேன்.

மேலே கிட்டார் நின்றது. அப்படியே பாதி வரியில். அப்புறம் அவன் எனக்காக வாசிக்கவேயில்லை. அதற்குப் பதிலாக, மாடியில் இருக்கும் மெயின் சுவிட்சை அவ்வப்போது அணைத்தான். கேட்டால், "ஃபியூஸு போய்க்கினே கீது, நான் இன்னா பண்றது?" என்பான்.

டிரம்ஸ் வாசிப்பவன் காசிமேட்டில் போட் இஞ்சின் மெக்கானிக். அவனை வரவழைத்து வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டான். திறந்து, "யக்கா, அண்ணாத்த உள்ள குந்திகினு கீறாரா?" என்று பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவனே முகம் சுளித்தான். "சுதி ஓடுது யக்கா." ஓடத்தான் செய்தது. இந்தப் பெட்டிக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏற உள்ளே இருப்பது இளகிச் சுதி நகரும். எங்கள் பக்கத்து வெயிலும் கடல் பிசுபிசுப்பும் அதற்கு நரகம். அவன் இஞ்சின்காரன் மூளையோடு யோசித்து, "முன்னாடியே ஆன் பண்ணி நல்லா சூடாவ உட்டுரு. சூடு ஏறி ஒரு எடத்துல நிக்கும். அப்பால சுதி சேரு. ஃபேன் காத்து மட்டும் படாம பாத்துக்கோ" என்றான். அப்படிச் செய்தோம், நின்றது. நான் அதன் பிறகு வியர்வையில் குளித்துக்கொண்டுதான் வாசித்தேன்.

கிட்டார்காரன் இல்லாத பேண்ட் என்று இரண்டு குடும்பங்கள் எங்களை வேண்டாமென்றன. அவர்களிடம் அப்படிச் சொல்லி வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு ஐம்பதாம் கல்யாண நாள் விழா. ராயபுரத்தில் கோயிலுக்குப் பக்கத்து மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கணவர் ரயில் இஞ்சின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எங்களுக்குத் தூரத்து உறவு. அதனால் அண்ணனுக்கும் அழைப்பு. வருவான் என்று தெரிந்துதான் ஒத்துக்கொண்டேன். வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பகலிலேயே போய்ப் பெட்டியை மேடையில் வைத்து ஆன் செய்தேன். லைனில் எர்த் சரியில்லை, ஸ்பீக்கரில் ஹூம் என்று ஓர் இரைச்சல். மைக்செட்காரரோடு சண்டை போட்டு அதைச் சரி செய்தேன். பெட்டி சூடேறிய பிறகு கிட்டார் சத்தத்தை உண்டாக்கி, சுதி சேர்த்து, ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, கேக் வெட்டக் கூப்பிட்டார்கள் என்று இறங்கிப் போனேன். கேக் வெட்டி, போட்டோ எடுத்து, பெரியவர்களுக்குக் கை கொடுத்துத் திரும்பி வந்தேன்.

மேடையில் ஏறியதும் தெரிந்துவிட்டது. குமிழ்கள் எல்லாம் இடது பக்கம் ஒட்ட ஒட்டத் திரும்பியிருந்தன. ஒன்று பாக்கியில்லை. ஹெட்போன் துளையில் இருந்த வயரையும் காணோம்.

"இங்க யாரு வந்தது?"

டிரம்ஸ் வாசிப்பவன் கையிலிருந்த ஸ்டாண்டைக் கீழே வைத்தான். "அண்ணாத்த வந்தாரு யக்கா. சொம்மா பாத்துகினு இருந்தாரு. நான் சிம்பலு ஸ்டாண்டு எடுக்கப் போனேன்."

கீழே பார்த்தேன். முதல் வரிசை ஓரத்தில், ஓட்டல் பேண்டுக்குப் போடும் கறுப்புச் சட்டையோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், ஆரம்பி என்கிற மாதிரி. பாடகர் என் காதருகே வந்து, "கிட்டாரு இல்லாத பாட்டா எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். "எடுக்காதீங்க" என்றேன். "நீங்க பாட்ட ஆரம்பிங்க. ரெண்டாவது சரணம் முடிஞ்சி நான் வரேன். வர்லன்னா திரும்பப் பாடுங்க."

பாட்டு ஆரம்பித்தது. இடது கை பழைய கீபோர்டில் கார்டு பிடிக்க, வலது கையால் ஒவ்வொரு குமிழாகத் திருப்பினேன். மைக்செட்காரரிடம் சாடையில் ஒரு வயர் கேட்டேன். முன்னால் போட்ட சண்டையை மனதில் வைத்துக்கொண்டு அவர் மெதுவாகத்தான் தேடினார். நான் திருப்புவதெல்லாம் ஸ்பீக்கரில் கேட்டது. மொட்டை ஓசை, அப்புறம் ஆம்புலன்ஸ், அப்புறம் மூக்கடைத்த மாதிரி ஒன்று. பின்வரிசையில் சிரித்தார்கள். இரண்டாவது சரணம் முடிந்தது. நான் தயாரில்லை. பாடகர் திரும்பப் பாடினார். அண்ணன் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்ல, அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே, மைக்செட்காரர் நீட்டிய வயரை வாங்கிச் செருகினேன். வால்யூமை ஏற்றினேன். கரகரத்தது. இன்னும் ஏற்றினேன்.

வாசித்தேன். அவனுடைய வரி, அவனுடைய தயக்கம், எல்லாவற்றையும் அவன் முகத்துக்கு நேராக. கடைசிச் சுரத்தில் ஒரு குமிழைக் கூடுதலாகத் திறந்தேன். ஆம்ப்ளிஃபயருக்கு நேரே கிட்டாரைப் பிடித்தால் ஒரு வீறிடல் வருமே, அது வந்து ஷாமியானா முழுக்கக் கத்தியது. கிழவர்களும் கிழவிகளும் எழுந்து ஆட ஆரம்பித்திருந்தார்கள். அண்ணன் கால்மேல் போட்ட காலை இறக்கியிருந்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் அவனை மன்னித்திருப்பேனோ என்னவோ. பாட்டு முடிந்ததும் விழாக்காரப் பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண்ணில் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், மேடையில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நேராக அண்ணனிடம் போய் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நைனா, இன்னாமா வாசிச்சே! அந்தக் காலத்து கிட்டாரு அப்பிடியே கேட்டுச்சிடா. உன்ன உட்டா யாரு கீறா?"

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே சொன்னான். "தேங்க்ஸ் நைனா. உங்களுக்காகத்தான் வந்தேன்."

மைக்கைப் பிடித்துக் கத்தியிருக்கலாம். ஆனால் அது அந்தக் கிழவருடைய நாள். அதனால் அதே வரியை இன்னொரு தடவை வாசித்தேன், டிரம்ஸ் இல்லாமல், தனியாக. பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். தான் பிடித்திருந்த கைகளைக் குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார். அப்புறம் மேடைப் பக்கம் திரும்பி, "அப்ப அங்க யாரு?" என்று கேட்டார். "தங்கச்சி நைனா" என்று யாரோ சொன்னார்கள். அவர் மெதுவாகக் கைகளை விட்டார். அண்ணன் சாப்பிடாமல் போனான்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது படிக்கட்டில் அவனை மறித்தேன்.

"குமிழத் திருப்புனியா?"

"ஆமா, திருப்புனேன். இன்னா இப்போ?"

"இன்னாத்துக்கு?"

"என் சவுண்ட நீ திருடுன. நான் பத்து விரலும் காச்சிப் போயி கத்துக்கினது. நீ பொட்டிய முறுக்கிட்டு மேடையில நிக்கிற."

"உன் சவுண்டா? அப்பா கப்பல்காரங்ககிட்ட வாங்கியாந்த கேசட்டப் போட்டுக் கேட்டுக் கேட்டு நீ கத்துக்கின. அதே ரூம்ல நானுந்தான் குந்திகினு கேட்டேன். எவனோ வெள்ளக்காரன் வாசிச்சத நீ காப்பி அடிச்ச, நான் உன்னக் காப்பி அடிச்சேன். இதுல திருட்டு எங்கேர்ந்து வந்துச்சு? அந்தப் பெரியவர் கையப் புடிச்சப்போ ஆமான்னு சொன்ன பாரு, அத்த இன்னா பேரு சொல்லிக் கூப்புடுவ?"

அவன் கை ஓங்கினான். அண்ணி மேலேயிருந்து அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள். ஓங்கிய கையைச் சுவரில் அறைந்துவிட்டு மேலே போனான். நான் ஷேர் ஆட்டோ பிடித்து யார்டுக்குப் போனேன். அன்றைக்கு லாரி டிரைவர்கள் என்னிடம் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓட்டல் பக்கமாகவே போய்விட்டார்கள். மாடி பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு விடச் சொல்லி அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது மெயின் சுவிட்ச் இருக்கும் அறைக்கும் பூட்டுப் போட்டுவிட்டுப் போனான். எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன் இழுத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு ப்ராக்டிஸுக்கு வந்த டிரம்ஸ்காரன் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். ஏதோ சொல்ல வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

"யக்கா, அண்ணாத்த போன் பண்ணாரு. அந்த ஓட்டல்ல உன்னுது மாதிரியே பொட்டி ஒண்ணு வாங்கிக் குட்த்துகீறாங்களாம். ஆர்கன் சவுண்டு வர்லியாம். நீ எப்பிடி வெச்சேன்னு கேக்கச் சொன்னாரு."

"என்னாண்ட கேக்கச் சொன்னானா, இல்ல எனக்குத் தெரியாம குமிழப் பாத்துகினு வரச் சொன்னானா?"

அவன் தரையைப் பார்த்தான். "பாத்துகினு வரச் சொன்னாரு. நான் உன்னாண்ட கேட்டுடலாம்னு..."

ஆர்கன் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். அவன் அங்கே அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, புது முதலாளி பார்க்க, ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது.

"காது கீதுல்ல அவனுக்கு? கேட்டுக் கண்டுபுடிக்கச் சொல்லு" என்றேன்.

"யக்கா, கூடப் பொறந்தவரு."

"அதனாலதான்."

அவன் டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். "ரெண்டு பேரும் ஒரே கலீஜு" என்று முணுமுணுத்துக்கொண்டே குச்சியை எடுத்தான். பாடகர் இன்னும் வரவில்லை. ஜன்னலை அடைத்தேன், ஃபேனை நிறுத்தினேன், பெட்டி சூடேறக் காத்திருந்தோம்.